வீட்டை விற்றால்தான் அப்பாவுக்கு ஊசியா?

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்கு 61 வயது. வீட்டின் முன்பக்கத்திலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் தட்டுவடை விழுங்க முடியவில்லை என்றார். அப்புறம் சோறு சிக்கியது, கடைசியில் இட்லிகூட இறங்கவில்லை. எண்டோஸ்கோப்பி பார்த்ததில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய், ஸ்குவாமஸ் வகை என்றார்கள். ஐந்து வாரம் கரண்ட் வைத்து, கூடவே வாரம் ஒரு கீமோவும் கொடுத்தார்கள். பிறகு ஆபரேஷன். அது முடிந்து ஏழு வாரம் ஆகிறது. எடுத்த சதையில் கொஞ்சம் நோய் மிச்சம் இருந்தது, ஒரு நெறிக்கட்டியிலும் இருந்தது, வெட்டிய ஓரங்கள் சுத்தம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. இப்போது நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை ஒரு வருடம் போடச் சொல்கிறார்கள். சலுகை போக 16 லட்சம் ஆகுமாம். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது அப்பா பெயரில் உள்ள இந்த வீடு ஒன்றுதான். தம்பி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். பெரியப்பா "காசைப் பார்க்காதே, வீட்டை வித்துடு" என்கிறார். மாமா "வீண் செலவு" என்கிறார். சித்தி வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கு இந்த ஊசியில் நாலாம் கட்ட நோயே கரைந்துவிட்டதாம். அப்பாவிடம் உள்ளே புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். புகையிலையை இன்னும் எங்களுக்குத் தெரியாமல் வாயில் அடக்குகிறார். வீட்டை விற்காவிட்டால் நான் அப்பாவைக் கைவிட்டவள் ஆகிவிடுவேனா?

பெயர் வெளியிட வேண்டாம், சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, ஆக மாட்டீர்கள். ஐந்து வாரம் கரண்டுக்கும் (கதிர்வீச்சு) கீமோவுக்கும் அழைத்துப் போய், அவ்வளவு பெரிய ஆபரேஷனையும் தாண்டி அவரை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறீர்கள். உணவுக்குழாய் ஆபரேஷன் என்றால், நோயுள்ள குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போல ஆக்கி, மேலே இழுத்து ஒட்டுகிற வேலை. அப்பா குணமாவதற்கான வாய்ப்பில் பெரும்பங்கு இந்த இரண்டு சிகிச்சைகளிலும்தான் இருந்தது. அவை முடிந்துவிட்டன. இப்போது பேசிக்கொண்டிருப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் பாதுகாப்பைப் பற்றி. அது எவ்வளவு கூடுதல், உங்கள் அப்பாவுக்கு அது எந்த அளவு பொருந்தும், அதற்காக ஒரு வீட்டைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒரு விஷயம். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற அவசரம் மருத்துவ ரீதியில் இல்லை. இந்த ஊசிக்கு ஆதாரமாக இருக்கும் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 4 வாரம் முதல் 16 வாரம் வரை ஆனவர்களைச் சேர்த்தார்கள். உங்களுக்கு ஆனது ஏழு வாரம். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு விசாரிக்கலாம். அப்பாவின் உடம்பும் அதற்குள் இன்னும் கொஞ்சம் தேறும். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பயத்தில் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை உங்கள் பட்டறையை வைத்தே சொல்கிறேன். வெள்ளியில் டச், அதாவது சுத்தம், பார்த்து முத்திரை குத்திவிட்டால், அடுத்து வாங்குகிறவர் அதை மறுபடி உரசிப் பார்ப்பதில்லை. நம் ரத்தத்தில் டி செல் என்ற காவல் அணுக்கள் இருக்கின்றன. எதிரே வரும் ஒவ்வொரு அணுவையும் இது நம்முடையதா என்று பார்ப்பது அவற்றின் வேலை. சில புற்றுநோய் அணுக்கள் தங்கள் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை அணிந்துகொள்கின்றன. அது ஒரு போலி முத்திரை. டி செல்லில் உள்ள பிடி-1 என்ற புரதம் அந்த முத்திரையைத் தொட்டதும், டி செல் "இது நம்ம ஆள்" என்று ஒதுங்கிவிடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் டி செல்லின் பிடி-1 மேல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. முத்திரை செல்லாமல் போகிறது. டி செல் மறுபடி உரசிப் பார்க்கத் தொடங்குகிறது. கீமோ நேராகப் புற்றுநோய் அணுவைத் தாக்கும். இது நம் காவலாளியின் கண்ணை மறைத்ததை விலக்குகிறது, அவ்வளவுதான். பிடி-1ஐக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோவுக்கும், இதே வழியில் வேறொரு தடையை விலக்கிய அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி, உங்களுக்குச் சொன்ன சிகிச்சைக்கு வருவோம். உங்கள் டாக்டர் ஆதாரம் இல்லாத எதையும் சொல்லிவிடவில்லை. செக்மேட் 577 என்ற பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. 794 பேர். எல்லோருக்கும் உங்கள் அப்பாவுக்கு நடந்தது போலவே கரண்டும் கீமோவும் கொடுத்து, ஆபரேஷன் செய்து, ஓரங்கள் சுத்தமாக வந்து, ஆனால் எடுத்த சதையிலோ நெறிக்கட்டியிலோ நோய் மிச்சம் இருந்தது. மிச்சமே இல்லாமல் போனவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நிவோலுமாப் ஒரு வருடம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. நோய் திரும்பாமல் இருந்த காலத்தைப் பார்த்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் பாதிப் பேர் 11 மாதம் தாண்டும் வரை நோய் திரும்பாமல் இருந்தார்கள். மருந்து போட்டவர்களில் அது 22.4 மாதமாக நீண்டது. குழாயின் உள்தோலில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகைக்காரர்களை மட்டும் தனியே எடுத்தால் 11 மாதத்துக்கு எதிராக 29.7 மாதம். அப்பாவுக்கு ஸ்குவாமஸ் வகை என்பதால் இந்த எண் உங்களுக்கு முக்கியம். ஆனால் அந்த ஆய்வில் ஸ்குவாமஸ்காரர்கள் பத்தில் மூன்று பேர்தான். மேல்நாடுகளில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், நெடுநாள் அமில எதுக்களிப்பினால் வரும் அடினோகார்சினோமா வகைதான் அதிகம். நம் ஊரில் புகையிலை, பாக்கு, சாராயம் இவற்றோடு சேர்ந்து வரும் ஸ்குவாமஸ் அதிகம்.

ஆகவே மாமா சொன்ன "வீண் செலவு" சரியில்லை. நோய் திரும்புவதை இந்த மருந்து தள்ளிப்போடுகிறது, சிலருக்குத் தடுக்கவும் செய்கிறது.

ஆனால் பெரியப்பாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இதே ஆய்வின் இறுதிக் கணக்கு 2025இல் வந்தது. மொத்தத்தில் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கு அது. மருந்து போட்டவர்களில் பாதிப் பேர் 51.7 மாதத்தைத் தாண்டினார்கள். போடாதவர்களில் 35.3 மாதம். பார்த்தால் பெரிய வித்தியாசம் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் புள்ளியியல் கணக்குப்படி, இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை நீக்கும் அளவுக்கு அது உறுதியாக இல்லை. நோய் திரும்பாத காலம் நீள்கிறது என்பது நிச்சயம். ஆயுள் நீள்கிறதா என்றால், நீளலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். உங்களிடம் 16 லட்சம் கேட்கும்போது இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது உங்கள் உரிமை.

ஏன் அப்படி ஆனது? ஊசி போடாதவர்களில் பலருக்கு நோய் திரும்பிய பிறகு வேறு நல்ல சிகிச்சைகள், இம்யூனோதெரபியும் உட்பட, கிடைத்திருக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இதில் உங்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. இன்று போடாவிட்டால் இந்த மருந்தின் கதவு நிரந்தரமாக மூடிவிடாது. ஒருவேளை நோய் திரும்பினால், அப்போது கீமோவோடு சேர்த்து இதைக் கொடுக்கலாம் என்பதற்குத் தனி ஆதாரம் இருக்கிறது.

சித்தி வீட்டுப் பக்கத்தில் நடந்தது இப்படி நோய் பரவிய பிறகு கொடுத்ததாக இருக்கலாம், அல்லது நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ வந்த வேறு புற்றுநோயாகக்கூட இருக்கலாம். ஆபரேஷன் செய்ய முடியாத, பரவிய உணவுக்குழாய் புற்றுநோயில் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துக் கொடுத்த கீநோட் 590 என்ற ஆய்வில், ஐந்து வருடம் கழித்து நூற்றுக்குப் பத்துப் பேர் போல உயிரோடு இருந்தார்கள். வெறும் கீமோவில் நூற்றுக்கு மூன்று. அந்தப் பத்துப் பேரின் கதைதான் ஊர் முழுக்கப் பரவுகிறது. அது பொய்யில்லை. ஆனால் மீதித் தொண்ணூறு பேரின் வீட்டிலிருந்து யாரும் உங்கள் சித்தியிடம் வந்து சொல்வதில்லை.

சரி, முடிவெடுக்க இன்னும் என்ன வேண்டும்? முதலில் ஒரு பரிசோதனை. நான் சொன்ன அந்தப் போலி முத்திரை அப்பாவின் நோயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். சிபிஎஸ் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகுக் கட்டிகளாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள், "பிளாக்" என்று கேட்டால் கொடுப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கிற சோதனை இது. ஊசியின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். செக்மேட் 577 முடிவுகளைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் தெளிவாகவும், அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு மங்கலாகவும் இருந்தது. மருந்துக்கு அனுமதி கொடுக்கும்போது இந்தச் சோதனை கட்டாயம் என்று சொல்லவில்லை, அதனால் பல இடங்களில் செய்வதில்லை. ஆனால் வீட்டை விற்பதா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இது கட்டாயம் என்பது என் கருத்து.

இரண்டாவது, இன்னொரு டாக்டரின் கருத்து. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. அடையாறு புற்றுநோய் மையத்திலோ, வேலூர் சி.எம்.சி.யிலோ ரிப்போர்ட்டுகளையும் பிளாக்கையும் காட்டிக் கேட்கலாம். அப்பாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை என்றால் முதல் தடவை காகிதங்களோடு நீங்களும் தம்பியும் போனால் போதும். இப்போது பார்க்கும் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். இவ்வளவு பெரிய செலவுக்கு இன்னொருவரைக் கேட்டு வருகிறேன் என்று என் நோயாளிகள் சொன்னால் நானே காகிதம் எழுதிக் கொடுக்கிறேன்.

மூன்றாவது, பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரம்பு உண்டு. இந்த ஊசி, இந்த நிலைக்கு, அதில் வருமா என்று சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் நேரில் கேளுங்கள். அட்டை ஏற்கெனவே எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்வார்கள். மருந்து நிறுவனத்தின் சலுகைத் திட்டம் என்றால் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை தவணை நாம் கட்ட வேண்டும், எத்தனை இலவசம், பக்கவிளைவால் நடுவில் நிறுத்தினால் முன்கூட்டிக் கட்டிய பணம் என்ன ஆகும். வழக்கமான முறையில் 240 மில்லிகிராம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டுத் தவணை, பிறகு 480 மில்லிகிராம் நாலு வாரத்துக்கு ஒருமுறை. வருடத்துக்குப் பதினேழு தவணை வரும். அந்தப் பதினேழையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

"முதல் நாலு ஊசி போட்டுப் பார்ப்போம், கேட்டால் தொடரலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பரவிய நோயில் அது சாத்தியம், ஸ்கேனில் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கலாம். உங்கள் அப்பாவுக்குக் கட்டியே இல்லை, எடுத்தாகிவிட்டது. சுருங்க எதுவும் இல்லாதபோது, மருந்து வேலை செய்கிறதா என்று எந்த ஸ்கேனும் காட்டாது. தொடங்கினால் ஒரு வருடக் கணக்குப் போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

குறைந்த அளவு மருந்து கொடுத்தால் போதுமாமே என்றும் கேள்விப்படுவீர்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர்கள் வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேரிலிருந்து 43 பேராக உயர்ந்தார்கள். நம் நாட்டு ஏழைகளுக்காக நம் நாட்டு டாக்டர்கள் செய்த ஆய்வு, எனக்கு அதில் மிகுந்த பெருமை. ஆனால் அது வேறு இடத்து நோய், வேறு கட்டம், வேறு மருந்துகளோடு சேர்ந்த கணக்கு. உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகான பாதுகாப்புக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும் இடத்தில் இதையும் கேளுங்கள். நீங்களாகப் பேரம் பேசி அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

என் முடிவைக் கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன். அப்பாவின் சிபிஎஸ் அதிகமாக வந்து, காப்பீடோ சலுகையோ சேமிப்போ சேர்த்து வீட்டைத் தொடாமல் செலவைச் சமாளிக்க முடியுமானால், போடுங்கள் என்பேன். நெறிக்கட்டியிலும் நோய் இருந்ததால் திரும்பும் அபாயம் குறைவானதில்லை. சிபிஎஸ் குறைவாக வந்தாலோ, வீட்டையும் பட்டறையையும் விற்றால்தான் முடியும் என்றாலோ, விற்க வேண்டாம் என்பேன். உங்கள் வீடு இருக்கிற இடம் மட்டுமல்ல, அப்பா பிழைக்கிற இடமும் அதுதானே. அதை இழந்து வாடகை வீட்டில் உட்கார்ந்து ஊசிக்குப் போய்வரும் மனிதரின் மனநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊசி போடாவிட்டாலும் சிகிச்சை நின்றுவிடாது. முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லும்போது ஸ்கேன் எடுத்து, சந்தேகம் வந்தால் உடனே எண்டோஸ்கோப்பி பார்த்து வர வேண்டும். அதைத் தவறவிடாமல் செய்வதும் சிகிச்சைதான்.

போடுவதென்று முடிவானால், தொடங்கும் முன் தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், மஞ்சள் காமாலை பி வைரஸ் சோதனை எல்லாம் எடுப்பார்கள். அப்பாவுக்கு எப்போதாவது காசநோய் வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இந்த மருந்தின்போது அடங்கிக் கிடக்கும் காசநோய் கிளம்பிவிடுவதுண்டு.

பக்கவிளைவு பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கீமோவைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. முடி கொட்டாது, வாந்தி பெரிதாக இருக்காது, அரை மணி நேரத்தில் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். பலருக்கு வருடம் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. செக்மேட் 577இல் மருந்தினால் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். ஆனால் வரும்போது அது வேறு மாதிரி வரும். கண் திறந்துவிட்ட காவலாளி சில சமயம் நம் வீட்டு ஆட்களையே அடிக்கத் தொடங்கிவிடுவார். குடல், நுரையீரல், கல்லீரல், தோல், தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகள், அபூர்வமாக இதயத் தசை என்று எதையும் தாக்கலாம். முதல் ஊசிக்குப் பிறகும் வரலாம், கடைசி ஊசி போட்டுச் சில மாதம் கழித்தும் வரலாம்.

மலை மேலே காபித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வேறொரு புற்றுநோய்க்காக இதே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது ஊசிக்குப் பிறகு பேதி தொடங்கியது. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். சுக்குக் கஷாயம் குடித்தார், ஏற்காட்டில் கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டார். ஆறாம் நாள், இருபது கொண்டை ஊசி வளைவையும் காரில் படுத்தபடியே இறங்கி வந்தார், கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து. அது மருந்தினால் வந்த குடல் அழற்சி. ஸ்டீராய்டு ஊசி ஏற்றி, பிறகு மாத்திரையை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்துத்தான் சரியானது. முதல் நாளே போன் செய்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும். அவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பாதது என் தவறு என்று இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன்.

உங்களுக்கும் அதைச் சொல்கிறேன். வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வெளியே போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளானாலோ, தலைசுற்றி எழ முடியாத சோர்வு வந்தாலோ, தாகமும் சிறுநீரும் திடீரென்று அதிகமானாலோ, நெஞ்சு வலித்தாலோ, அன்றைக்கே புற்றுநோய் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சில் கரண்ட் வைத்திருப்பதால் இருமலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சளி, சூடு என்று எதையும் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். வேறு டாக்டரிடம் போனால் "இம்யூனோதெரபி போடுகிறோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்துப் பொடி, லேகியம் எதுவும் அந்த வருடம் வேண்டாம். கல்லீரல் கெட்டால் எதனால் கெட்டது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இன்று முதல் பார்க்க வேண்டியது சாப்பாடு. சேலத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஜவ்வரிசிக் கஞ்சிதான். அப்பாவுக்கும் அதைத்தான் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். வழுக்கிக்கொண்டு இறங்கும், உண்மை. ஆனால் ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஆபரேஷன் முடிந்து சதை கரைந்து நிற்கும் மனிதருக்கு முட்டை, நன்றாகக் குழைத்த பாசிப்பருப்பு, தயிர், மீன், ஒத்துக்கொண்டால் பால், இவை வேண்டும். சர்க்கரை போட்ட ஜவ்வரிசிப் பாயசம் வேண்டாம். இரைப்பையின் இடம் மாறிவிட்டதால் இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கி, படபடப்பும் வியர்வையும் பேதியும் வரும். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள், ராத்திரி தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். காபி ஆறட்டும், கொதிக்கக் கொதிக்க எதுவும் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. வாரம் ஒரு நாள் எடை பார்த்து எழுதி வையுங்கள், டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள் மிகவும் உதவும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி. இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டியான சாப்பாடு சிக்குகிறது என்றால் அசிடிட்டி மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள்.

இனி அப்பாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் பெரியப்பா பேசுகிறார், மாமா பேசுகிறார், சித்தி பேசுகிறார். அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீடு அவருடையது, உடம்பும் அவருடையது. "தெரிந்தால் உடைந்துவிடுவார்" என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் சொந்த வீட்டிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் மறைத்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஐந்து வாரம் கரண்ட் வைக்கப் போனவருக்கு, வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று தெரியாமலா இருக்கும்? என் அனுபவத்தில், மறைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள் நம்மிடம் மறைக்கிறார்கள்.

புகையிலை விஷயமும் இதில்தான் இருக்கிறது. உள்ளே புண் என்று மட்டும் தெரிந்தவர் எதற்காக விட வேண்டும்? அதே புகையிலை வாயிலும் தொண்டையிலும் இன்னொரு புற்றுநோயைக் கொண்டு வரலாம், 16 லட்சத்து ஊசி ஒருபக்கம் காக்க, மறுபக்கம் இது அரித்துக்கொண்டிருக்கும். இதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை. கண்டித்துப் பயனில்லை, நாற்பது வருடப் பழக்கமாக இருக்கும். உண்மை தெரிந்த பிறகு கேட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் நிக்கோடின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் உண்டு, எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். சூயிங்கம் வாங்குமுன், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். பட்டறை ஓய்ந்த நேரம், கூட்டமில்லாமல், நீங்களும் அம்மாவும் மட்டும் உட்காருங்கள். முதலில் நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம், கேளுங்கள். "அப்பா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" அவர் சொல்லும் பதிலிலிருந்து தொடங்குங்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்பும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம். கட்டியை எடுத்தாகிவிட்டது, ஓரங்கள் சுத்தம் என்பது முதலில் வரட்டும், அது உண்மை, நல்ல செய்தி. நோய் திரும்பாமல் இருக்க ஒரு ஊசி சொல்கிறார்கள், இவ்வளவு பலன், இவ்வளவு செலவு, வீட்டை வைத்து யோசிக்கிறோம் என்பதைப் பிறகு சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், பிள்ளைகளுக்குச் சுமை என்று சொல்கிறாரா, இல்லை நிஜமாகவே வேண்டாமா என்று இன்னொரு நாளும் கேளுங்கள். சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் தனியாக அரை மணி நேரம் வாங்கி அப்பாவை அழைத்துப் போங்கள். அது எங்கள் வேலையும்தான்.

பிளாக் கேட்கும் வேலையை நாளைக்கே தொடங்கிவிடுங்கள். சிபிஎஸ் முடிவு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் அப்பா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.